கோரஸ், டிலே பெடல்களில் விசில் எங்கிருந்து வருகிறது?

காட்பாடியில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர், தானே பற்றவைத்துச் செய்த இரண்டு கிதார் பெடல்களைப் பற்றி எழுதிக் கேட்டிருக்கிறார். ஒன்று, ஒலியைத் தாமதப்படுத்தும் எம்என் 3207 ஐசியும் அதற்குக் கிளாக், அதாவது சீரான மின்துடிப்பு, கொடுக்கும் எம்என் 3102 ஐசியும் ஜோடி சேர்ந்த கோரஸ்; ஒரே கிதாரை இருவர் வாசிப்பதுபோல ஒலிக்கச் செய்வது. மற்றொன்று எம்என் 3205 போட்ட, எதிரொலி தரும் அனலாக் டிலே, அதற்கும் கிளாக் கொடுப்பது இன்னொரு 3102தான். டிலேயின் நேரக் குமிழைக் கடைசிவரை திருப்பினால் ஒலி மந்தமாகி, அதன் மேல் மெல்லிய விசில் ஒன்று கேட்கிறது. இரண்டு பெடல்களையும் சேர்த்து இயக்கினால், கோரஸ் அலையும் அதே வேகத்தில் வேறொரு விசில் வழுக்கியபடி ஏறி இறங்குகிறது. 3102-ஐக் கழற்றிவிட்டு, கிளாக் தரக்கூடிய வேறொரு ஐசியான 4047 போடலாமா, அல்லது நண்பர் சொல்வதுபோல ஆர்டுயினோ என்ற சிறு நிரல் பலகையிலிருந்து கிளாக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறார். அடுத்த வாரம் ரயிலேறி, மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போவதற்கு முன் பதில் வேண்டுமாம்.

தம்பி, ரயில் செலவை மிச்சம் பிடியுங்கள். 3102 அதன் இடத்திலேயே இருக்கட்டும். நீங்கள் சொல்லும் இரண்டு விசில்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலத் தோன்றினாலும் அவற்றின் பிறப்பிடம் வேறு வேறு. முதலாவது, கிளாக்கின் வேகம் அளவுக்கு மீறிக் குறைந்ததால் வருவது. இரண்டாவது, இரண்டு கிளாக்குகள் ஒன்றையொன்று கண்டுகொண்டதால் வருவது. ஐசியை மாற்றினால் இரண்டில் எதுவும் போகாது.

3207, 3205 போன்ற தாமத ஐசி வகையை 1969-இல் ஃபிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சாங்ஸ்டரும் டீரும் உருவாக்கினார்கள். வாளி வரிசை என்ற பொருளில் அதற்குப் பெயரும் வைத்தார்கள். கோடையில் தெருமுனையில் தண்ணீர் லாரி வந்து நிற்கும்போது, வீட்டிலுள்ளவர்கள் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றிக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. கையில் குடத்தை வைத்திருப்பவரால் இன்னொரு குடத்தை வாங்க முடியாது. ஆகவே ஒருவர் விட்டு ஒருவர் கை காலியாக இருந்தால்தான் வரிசை நகரும். முதல் தட்டுக்கு ஒற்றைப்படை ஆட்கள் கொடுக்கிறார்கள், இரட்டைப்படை ஆட்கள் வாங்குகிறார்கள். அடுத்த தட்டுக்கு அது அப்படியே தலைகீழாகிறது. ஐசிக்குள் குடத்தில் இருப்பது தண்ணீருக்குப் பதிலாக மின்னூட்டம். தட்டுப் போடுவது கிளாக். ஒன்று உயரும்போது மற்றொன்று தாழும் இரண்டு கிளாக் கோடுகள் அந்த ஐசிக்கு ஏன் தேவைப்படுகின்றன என்பதும், ஒரு முழுக் கிளாக் சுற்றில் குடம் இரண்டு ஆட்களைக் கடந்துவிடுவதால் தாமத நேரம் என்பது படிகளின் எண்ணிக்கையைக் கிளாக் அதிர்வெண்ணின் இரு மடங்கால் வகுத்த ஈவு என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

உங்கள் கோரஸில் இருக்கும் 3207-க்கு 1024 படிகள். கிளாக் 100 கிலோஹெர்ட்ஸில் ஓடினால் 5.12 மில்லி விநாடித் தாமதம் கிடைக்கும். டிலேயில் இருக்கும் 3205-க்கு 4096 படிகள். 10 கிலோஹெர்ட்ஸில் 204.8 மில்லி விநாடி. உங்கள் டிலேயில் ஏறத்தாழ 300 மில்லி விநாடி கிடைக்கிறது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: அதற்குக் கிளாக் 6.8 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கியிருக்க வேண்டும். இந்த ஐசிக்குத் தயாரிப்பாளர் விதித்த கீழ் எல்லை 10 கிலோஹெர்ட்ஸ். அதற்குக் கீழே போனாலும் ஐசி ஓடத்தான் செய்யும், ஆனால் 6.8 கிலோஹெர்ட்ஸ் என்பது காதால் தெளிவாகக் கேட்கக்கூடிய சுருதி. நீங்கள் கேட்கும் மெல்லிய விசில் வேறெதுவும் அன்று, கிளாக்கேதான்.

மந்தமும் அதே கணக்கில் வருவதுதான். விநாடிக்கு 6,800 குடம் கைமாறினால், அதில் பாதியான 3,400 ஹெர்ட்ஸ் வரையில்தான் ஒலியைச் சுமக்க முடியும். அதற்கு மேலுள்ள அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டியின் சரிவுக்கும் இடம் விட வேண்டும் என்பதால், நடைமுறையில் கிளாக்கின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம்பக்கூடாது. கிதாரின் மெல்லிய கம்பியில் 24-ஆவது கட்டைப் பிடித்தாலும் அடிப்படைச் சுருதி 1,319 ஹெர்ட்ஸ்தான், ஆகவே சுரம் தப்பிவிடும். மீட்டலின் பளபளப்புத்தான் போய்விடும். அது போனாலும் பாதகமில்லை, பழைய டிலேயின் இனிமையே அந்த மங்கலில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. கெடுதல் வேறிடத்தில் இருக்கிறது. உங்கள் வடிகட்டி 10 கிலோஹெர்ட்ஸ் கிளாக்கை மனதில் வைத்துப் போடப்பட்டது. குமிழைத் திருப்பும்போது கிளாக் இறங்குகிறதே தவிர, வடிகட்டி கூடவே இறங்குவதில்லை. அப்போது 4 கிலோஹெர்ட்ஸில் உள்ளே நுழையும் ஒரு கீற்று, வெளியே 2.8 கிலோஹெர்ட்ஸாக, எந்தச் சுரத்துக்கும் உறவில்லாத ஓசையாகத் திரும்பி வரும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. குமிழோடு தொடராக ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்து, எவ்வளவு திருப்பினாலும் கிளாக் 10 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காதபடி கட்டிப்போட்டு, 205 மில்லி விநாடியோடு மனநிறைவு கொள்வது ஒன்று. 300-தான் வேண்டுமென்றால் இன்னொரு 3205 வாங்கி, இரண்டையும் வரிசையாக இணைத்து, ஒரே கிளாக்கில் ஓட்டுவது மற்றொன்று, அப்போது 13.65 கிலோஹெர்ட்ஸிலேயே 300 மில்லி விநாடி கிடைக்கும், வடிகட்டியையும் 4 கிலோஹெர்ட்ஸ் வரை தளர்த்தலாம். எதைச் செய்தாலும், ஐசியின் இரு வெளியீடுகளும் சேரும் இடத்தில் இருக்கும் பிரீசெட்டை, அதாவது திருகித் திருப்பும் சிறு ரெசிஸ்டரை, ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். 7, 8 ஆகிய இரண்டு பின்களும் மாறி மாறி ஒலியைத் தருகின்றன. இரண்டும் சம அளவில் கலந்தால் கிளாக்கின் மிச்சம் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும். உள்ளீட்டைத் தரையோடு இணைத்து, கிளாக்கை மிக மெதுவான நிலையில் வைத்து, விசில் எங்கே மெலிகிறதோ அங்கே நிறுத்துங்கள். இதற்குக் காதே போதும்.

கிளாக்கை அளவுக்கு மீறி மெதுவாக்கக் கூடாது என்பதற்கு நம் ஊர்க்காரர்களுக்கென்றே இன்னொரு காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், குடியாத்தத்தில் கெங்கையம்மன் திருவிழா நேரத்தில் நடந்த ஒரு மெல்லிசைக் கச்சேரிக்கு என் கையால் பழுதுபார்த்த டிலே பெடல் ஒன்று போயிருந்தது. வைகாசி வெயிலில், தகரக் கூரை மேடையில், பிற்பகல் மூன்று மணிக்கு ஒலி சரிபார்த்தபோது, நீண்ட தாமதத்தில் எதிரொலி கரகரத்துச் சீறியது. எல்லோரும் ஜெனரேட்டரைத் திட்டினார்கள். நான் அலுமினியப் பெட்டியைத் தொட்டேன். கை வைத்திருக்க முடியவில்லை. சிலிக்கன் சந்தியில் கசியும் மின்னோட்டம் ஏறத்தாழ 10 டிகிரி சூடு ஏறும்போதெல்லாம் இரட்டிக்கிறது. ஓட்டைக் குடத்தை விரைவாகக் கைமாற்றினால் தண்ணீர் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும். நிதானமாகக் கைமாற்றினால் பாதி தரையில் இருக்கும். கிளாக் மெதுவாக இருக்கும்போது ஒவ்வொரு படியிலும் மின்னூட்டம் அதிக நேரம் காத்திருப்பதால், கசிவு பெருகி, ஐசியின் உள்நிலை மின்னழுத்தமே நகர்ந்து, ஒலி ஒருபக்கமாக வெட்டுப்படுகிறது. பெடலை மேடைக்கு அடியில் நிழலில் வைத்து, ஈரத்துணியை அருகில் விரித்து, தாமதத்தைச் சற்றுக் குறைத்தோம். இரவு ஒன்பது மணிக் கச்சேரியில் ஒரு குறையும் இல்லை. வெயிலில் கிளாக்கின் கெபாசிட்டர் நகர்ந்து தாமதம் மாறிவிடுமே என்று சிலர் அஞ்சுவதுண்டு. 100 பிக்கோஃபாரட் அளவில், சூட்டில் மதிப்பு மாறாத என்பிஓ வகை செராமிக் போட்டுவிட்டால் அதைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை.

இனி வழுக்கும் விசில். சதுர அலையில் அதன் அடிப்படை அதிர்வெண் மட்டும் இருப்பதில்லை. அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு என்று ஒற்றைப்படை மடங்குகளும் கூடவே வரும். டிலேயின் கிளாக் 20 கிலோஹெர்ட்ஸில் நிலையாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஐந்தாம் மடங்கு 100 கிலோஹெர்ட்ஸ். கோரஸின் கிளாக் 80-க்கும் 120-க்கும் இடையே மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அது 100-ஐக் கடக்கும்போது, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பல ஆயிரம் ஹெர்ட்ஸிலிருந்து சுழியம் வரை சரிந்து, மறுபடி ஏறுகிறது. இரண்டு கிளாக்குகளில் எதுவும் தனியே காதுக்கு எட்டாது. அவற்றின் வேறுபாடுதான் எட்டுகிறது. ஒன்றின் மிச்சம் மற்றொன்றின் வாளி வரிசைக்குள் புகுந்தால் போதும், அந்த வரிசையே வேறுபாட்டைக் கணக்கிட்டு ஒலியாகக் கொடுத்துவிடும். ஆகவே இதில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, மிச்சம் எந்த வழியாகப் புகுந்தது என்பதே.

ஒரே அடாப்டரிலிருந்து கிளை பிரித்து இரண்டு பெடலுக்கும் மின்சாரம் கொடுத்திருக்கிறீர்கள் என்று படத்திலேயே தெரிகிறது. முதல் வேலையாக, இரண்டில் ஒன்றை 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். விசில் மறைந்துவிட்டால் அது மின்சாரக் கம்பி வழியாக வந்தது. நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை இப்படித்தான் இருந்தன. அப்படியானால் ஒவ்வொரு பெடலுக்குள்ளும், மின்சாரம் நுழையும் இடத்தில் 47 முதல் 100 ஓம் வரை ஒரு ரெசிஸ்டர், அதற்குப் பின் தரைக்கு 100 மைக்ரோஃபாரட், அதோடு இணையாகக் கிளாக் ஐசியின் காலை ஒட்டியே 100 நானோஃபாரட் செராமிக் போடுங்கள். ஒட்டியே என்று சொல்வதைக் கவனியுங்கள். இரண்டு அங்குலக் கம்பிக்கு அப்பால் இருக்கும் 100 நானோஃபாரட் அந்த ஐசிக்கு இல்லாததற்குச் சமம். பேட்டரியிலும் விசில் அப்படியே இருந்தால், அது ஒலிக் கம்பி வழியாகவோ காற்று வழியாகவோ வருகிறது. இடையிலுள்ள கம்பியைப் பிடுங்கினாலும் கேட்டால் காற்று வழி. பிளாஸ்டிக் பெட்டியை உலோகப் பெட்டியாக மாற்றித் தரையோடு இணைத்தால் போய்விடும். கம்பியைப் பிடுங்கியதும் நின்றுவிட்டால், முன்னால் இருக்கும் பெடலின் வெளியீட்டு வடிகட்டி போதவில்லை என்று பொருள். வரிசையை மாற்றிப் பார்ப்பதும் பயன் தரும். கோரஸ் முன்னாலும் டிலே பின்னாலும் இருந்தால், கோரஸின் கிளாக் மிச்சம் மெதுவாக ஓடும் வரிசைக்குள் நுழைகிறது. அங்கே 20-இன் எந்த மடங்கை அது நெருங்கினாலும் விசில் பிறக்கும். டிலேயை முன்னால் வைத்தால் வாய்ப்பு குறைகிறது.

4047-ஐப் பற்றி. நல்ல ஐசிதான்; 1024 படி கொண்ட பல கோரஸ் பெடல்களில் அது காலம் காலமாக ஓடியிருக்கிறது. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வெளியீடுகளை அதுவே தருகிறது. உள்ளேயே இரண்டால் வகுப்பதால் மேல் பாதியும் கீழ் பாதியும் சரிசமமாக வரும். ரெசிஸ்டர், கெபாசிட்டர் பெருக்கத்தை 4.4-ஆல் பெருக்கினால் ஒரு சுற்றின் காலம்: 22 கிலோ ஓமும் 100 பிக்கோஃபாரடும் போட்டால் ஏறத்தாழ 103 கிலோஹெர்ட்ஸ். ஆனால் கிளாக் காலில் தெரியும் சுமையை மறந்துவிடக் கூடாது. 1024 படி ஐசியின் கிளாக் கால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 700 பிக்கோஃபாரட். 4096 படி ஐசியில் அது 2,800. அந்தக் காலை ஓட்டும் ஐசி 10 மில்லி ஆம்பியர் கொடுக்கும் என்று வைத்துக்கொண்டால், 9 வோல்ட் ஏற முதலாவதற்கு 0.63 மைக்ரோ விநாடி ஆகும், இரண்டாவதற்கு 2.5 மைக்ரோ விநாடி. 100 கிலோஹெர்ட்ஸில் அரைச் சுற்றே 5 மைக்ரோ விநாடிதான்; அதில் பாதியை ஏறுவதிலேயே கழித்துவிட்டால், கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே நேரத்தில் கை நீட்டி, குடம் சிந்தும். அதனால்தான் பெரிய ஐசிகளை 4047 கொண்டு ஓட்டுபவர்கள் இடையில் ஒரு 4049 போட்டு, அதன் ஆறு இன்வெர்ட்டர்களை மூன்று மூன்றாகச் சேர்த்து ஒவ்வொரு கோட்டுக்கும் கொடுக்கிறார்கள். 3102 இந்தச் சுமையைத் தள்ளுவதற்கென்றே பிறந்த ஐசி.

3102-ஐக் கழற்றுபவர்கள் மறக்கும் இன்னொன்றும் உண்டு. அதன் 8-ஆம் பின் சும்மா இருக்கவில்லை. வாளி வரிசைக்குத் தேவையான இன்னொரு மின்னழுத்தத்தை, அதாவது வழங்கும் மின்னழுத்தத்தில் பதினைந்தில் பதினான்கு பங்கை, அதுதான் கொடுக்கிறது. 4047-இல் அப்படி ஒரு கால் கிடையாது; இரண்டு ரெசிஸ்டர்களால் நீங்களே பிரித்துக் கொடுக்க வேண்டும். கடைக்காரர் 3101-ஐ எடுத்து, எல்லாம் ஒன்றுதான் என்று நீட்டினால் வாங்கிவிடாதீர்கள். 3101 பழைய 3007, 3005 குடும்பத்துக்கு உரியது. அந்தக் குடும்பம் தரையைவிடத் தாழ்ந்த மின்னழுத்தத்தில் ஓடுவது, உங்களுடையது உயர்ந்ததில் ஓடுவது.

ஆர்டுயினோ யோசனையை டிலேக்கு ஏற்கலாம், கோரஸுக்குக் கூடாது. ஆர்டுயினோவின் ஊனோ பலகை 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அதன் டைமரிலிருந்து 100 கிலோஹெர்ட்ஸ் எடுக்க 160 எண்ண வேண்டும். அடுத்த படி 161. இரண்டுக்கும் இடையே எதுவும் இல்லை. அந்த ஒரு படியே 0.6 விழுக்காடு, அதாவது அரைச்சுரத்தின் நூறில் ஏறத்தாழ பதினொரு பங்கு. கோரஸில் கிளாக் இடைவிடாமல் வழுக்க வேண்டும். இது படிக்கட்டில் சைக்கிளை இறக்குவதுபோலத் தடதடக்கும். 10 கிலோஹெர்ட்ஸில் எண்ணிக்கை 1,600 என்பதாலும், டிலேயில் கிளாக் ஓரிடத்தில் நிற்பதாலும் அங்கே தொல்லை இல்லை. தாளத்தைக் காலால் தட்டித் தாமதத்தை அமைக்கும் வசதி வேண்டுமென்றால் உண்மையிலேயே அதுதான் எளிய வழி. ஊனோ தருவது 5 வோல்ட் என்பதை மட்டும் மறவாமல், இடையில் மட்டம் உயர்த்தும் சுற்று ஒன்றைப் போடுங்கள்.

கோரஸின் அசைவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் ஒலிப்பதிவில் அது நொண்டுவது கேட்கிறது. சீரான முக்கோண அலையைக் கொண்டு கிளாக்கை 50-லிருந்து 150 கிலோஹெர்ட்ஸுக்கு ஏற்றுவதாகக் கொள்வோம். தாமதம் 10.24 மில்லி விநாடியிலிருந்து 3.41-க்கு இறங்குகிறது. அந்த இறக்கத்தில் சரிபாதி, கிளாக் 75-ஐத் தொடுவதற்குள், அதாவது முதல் கால்பங்கு நேரத்திலேயே முடிந்துவிடுகிறது. மீதிப் பாதி முக்கால்பங்கு நேரத்துக்கு இழுபடுகிறது. சுருதி விலகுவது தாமதம் மாறும் வேகத்தைப் பொறுத்தது என்பதால், மெதுவான முனையில் சுருதி துள்ளுகிறது, வேகமான முனையில் அசைவே தெரிவதில்லை. மேல் எல்லையைத் தணித்து, 70-க்கும் 110-க்கும் இடையில் ஆடவிட்டால் நொண்டல் பெரும்பாலும் மறையும். வேகக் குமிழை ஏற்றும்போது ஆழக் குமிழைத் தணிக்க வேண்டியதும் இதனால்தான்: தாமதம் நடுநிலையிலிருந்து இருபுறமும் 1 மில்லி விநாடி ஆடினால், விநாடிக்கு அரைச் சுற்றில் சுருதி 0.3 விழுக்காடுதான் விலகும், ஐந்து சுற்றில் 3 விழுக்காடு விலகிவிடும். முன்னது இருவர் சேர்ந்து வாசிப்பதுபோல இருக்கும்; பின்னது கிதார் நீருக்குள் விழுந்ததுபோல இருக்கும்.

ஆசிலோஸ்கோப் இல்லை என்று வருந்த வேண்டாம். அதிர்வெண் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் 3102-இன் 2-ஆம் பின்னிலும் 4-ஆம் பின்னிலும் அளவெடுங்கள். இரண்டும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். கிளாக்குக்கு மூலமான அதிர்வை உண்டாக்கும் ஆசிலேட்டர் கால்களில் அளந்தால் இரு மடங்கு காட்டும், அதைக் கண்டு குழம்பாதீர்கள். பிறகு மீட்டரை நேர்மின் அழுத்தத்துக்கு மாற்றி அதே பின்களைத் தொடுங்கள். கிளாக் ஒழுங்காக ஓடினால் வழங்கும் மின்னழுத்தத்தில் பாதி, அதாவது 9 வோல்ட்டுக்கு 4.5 வோல்ட் காட்டும்; சுழியமோ 9-ஓ காட்டினால் அந்தக் கோடு செத்துக் கிடக்கிறது. மீட்டரும் இல்லையென்றால், வீட்டுப் பரணில் தாத்தாவின் மீடியம் வேவ் ரேடியோ இருக்கிறதா என்று பாருங்கள். சென்னை வானொலி கேட்ட 720 கிலோஹெர்ட்ஸுக்கு முள்ளைத் திருப்பி, திறந்த கோரஸ் பெடலின் அருகில் வையுங்கள். ஆசிலேட்டர் 180-ஐக் கடக்கும்போதெல்லாம் அதன் நான்காம் மடங்கு அந்த இடத்தில் வந்து விழும். கோரஸ் ஒருமுறை ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் ரேடியோ இரண்டு முறை ‘உய்ங்’ என்று சொல்லும். ஒருமுறை சற்று நீளமாகவும் ஒருமுறை குறுகியும் ஒலித்தால், உங்கள் முக்கோண அலையின் இரு சரிவுகளும் சமமாக இல்லை.